முன்னோடி என்று போஸ்டரில் போட்டார்கள்

பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு மின்னணு இசையைக் கொண்டுவந்தவன் நான்தான். இதை என்னைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடங்களில் கல்யாண வீடோ துக்க வீடோ, பக்கத்து நாற்காலியில் யார் சிக்கினாலும் பேச்சை எப்படியாவது வளைத்து இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் "அப்படிங்களா" என்றார்கள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். எண்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. நான் ஆர்மோனியம். துபாயிலிருந்து வந்த ஒருவர் தன் பிள்ளைக்காக வாங்கிவந்த ஜப்பான் கீபோர்டைப் பிள்ளை சீண்டாததால் என்னிடம் தள்ளிவிட்டார். அதன் இடது ஓரத்தில் வரிசையாகத் தாளப் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் ரும்பா, இன்னொன்றை அழுத்தினால் வால்ட்ஸ், சிவப்புப் பட்டனை அழுத்தினால் டிஸ்கோ. அந்தச் சிவப்புப் பட்டனை நான் முதன்முதலில் அழுத்திய மத்தியானம், எங்கள் குழுவின் டிரம்ஸ்காரன் தனசேகர் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். (என்னைவிட ஒரு வயது மூத்தவன். சிநேகிதன் என்பதால் இன்றுவரை அவன், இவன்தான்.) பெட்டி அதுபாட்டுக்கு "தும் சக், தும் சக்" என்று அடிக்க ஆரம்பித்தது. தனசேகர் மெல்வதை நிறுத்தினான்.

"இது எப்ப நிக்கும்?" என்று கேட்டான்.

"நாம நிறுத்தினாத்தான் நிக்கும்" என்றேன் பெருமையாக.

அவன் கையிலிருந்த பாதி பஜ்ஜியைப் பார்த்தான். "நாஸ்தாகூட கேக்காது இல்ல" என்றான்.

இரண்டு மாதம் கழித்து அவனை அனுப்பிவிட்டேன். அனுப்பியதுகூடப் பரவாயில்லை, கூடவே ஒரு பிரசங்கமும் செய்தேன். "காலம் மாறுது தனசேகர். இனிமே எல்லாம் எலெக்ட்ரானிக். நாம மாறலன்னா காலம் நம்மள வுட்டுட்டுப் போயிடும்." இருபத்துச் சொச்சம் வயதில் காலத்தின் சார்பாகப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவன் டிரம்ஸைக் கோணிப்பையில் சுற்றி வைத்துவிட்டு, எங்களுக்கு மைக் செட் போடுகிறவரிடமே ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். ஆக, அதற்குப் பிறகும் எல்லாக் கச்சேரிக்கும் வந்தான். முன்பு மேடையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், இப்போது மேடைக்கே பின்னால் உட்கார்ந்தான். இதற்கடுத்த சில வருடங்களில் நான் அவன் தங்கை கஸ்தூரியைக் கல்யாணம் செய்துகொண்டேன். "மொதல்ல வேலைய எடுத்துகினான், அப்பால தங்கச்சிய எடுத்துகினான்" என்று சொந்தக்காரர்களிடம் இன்றும் சொல்கிறான்.

பிறகு காலம் மறுபடியும் மாறியது. இந்த முறை என் சம்மதத்தைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் செய்த இசையை ஒரு குறுந்தட்டில் போட்டுக்கொண்டு பாடகர்கள் மட்டும் மேடையேறினார்கள். "இனிமே எல்லாம் டிராக்குதான் சார்" என்று ஒரு பையன் எனக்கு விளக்கினான். என் பிரசங்கத்தைவிடச் சுருக்கமாக இருந்தது. நான் ஊரப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்து, மாடியில் கீபோர்டு வகுப்பு ஆரம்பித்தேன்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். டெமோ பட்டனைத் தொடக் கூடாது. எல்லாக் கீபோர்டிலும் அப்படி ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் பெட்டி தானாகவே ஒரு முழு இசைக்குழுவாக மாறி, மூன்று நிமிடம் பிரமாதமாக வாசிக்கும். பிள்ளைகள் அதைப் போட்டுவிட்டு மேலே விரலை ஆட்டி, கூட்டிப்போக வந்த அம்மாக்களை ஏமாற்றுவார்கள். எனக்கு அது கொலைக் குற்றம். எல்லாக் கீபோர்டிலும் அந்தப் பட்டன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். பவித்ரா என்று ஒரு பெண், எட்டு வயது, சேர்ந்த மூன்றாவது நாளே டேப்பை உரித்துவிட்டுப் பட்டனை அழுத்தினாள். அவள் அப்பாவை வரவழைத்து, "கலைக்குத் துரோகம் பண்றவங்களுக்கு இங்க எடமில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சிவப்புப் பட்டனை அழுத்தி ஒரு டிரம்ஸ்காரனை வீட்டுக்கு அனுப்பியவன் இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு, எனக்கு அறுபத்திரண்டு வயதில், அந்தப் பவித்ரா போன் செய்தாள்.

"சார், பவித்ரா பேசறேன். ஞாபகம் இருக்கா? மூணு கிளாஸ் வந்தேன்."

"ஏன் இல்லாம" என்றேன், சுத்தமாக ஞாபகம் இல்லாமல். பாதிப் பேச்சில்தான் பிடிபட்டது.

அவள் இப்போது எலெக்ட்ரானிக் இசையில் பெரிய ஆளாம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு ரிசார்ட்டின் கடற்கரையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு விழா நடத்துகிறார்கள். நான் வந்து வாசிக்க வேண்டும்.

"எங்க அப்பாவுக்குச் சொந்த ஊரு சதுரங்கப்பட்டினம் சார். கல்யாணத்துக்கு முன்னாடி அங்க கோயில் திருவிழாவுல உங்க கச்சேரிய கேசட்ல ரெக்கார்ட் பண்ணியிருக்காரு. அதுல ஒரு இடம் வருது. அத வெச்சுத்தான் என் டிராக்கே பண்ணேன். ஜெர்மனில எல்லாம் போட்டாங்க சார். அந்த சவுண்ட எப்படிக் கொண்டுவந்தாங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க."

எந்த இடம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் சோலோவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"அது ஒரு மாதிரி டெக்னிக்மா" என்றேன்.

"அந்தப் பழைய கீபோர்டு இன்னும் இருக்கா சார்? அதையே எடுத்துட்டு வாங்க. அதுதான் முக்கியம்."

இரண்டு நாளில் போஸ்டர் வாட்ஸப்பில் வந்தது. 'கீபோர்டு மகாலிங்கம், முன்னோடி' என்று ஊதா எழுத்தில் போட்டிருந்தார்கள். சொந்தபந்தம், மாணவர்களின் பெற்றோர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஒருமுறை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் என்று போனில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். கஸ்தூரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"முன்னோடின்னா இன்னாங்க, முன்னாடி ஓடினவரா?"

"ஆமா. எல்லாருக்கும் முன்னாடி."

"சரி. இப்ப இன்னா பண்றாருன்னு போடலியே."

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அது முள்ளாகக் குத்திவிட்டது. யோசித்துப் பார்த்தால், ஓடி முடித்தவனைத்தான் முன்னோடி என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு அந்தப் பட்டம் கிடையாது. பழைய பெட்டியைக் கொண்டுவா என்று சொன்னதன் அர்த்தமும் புரிந்தது. என்னை அருங்காட்சியகத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். மகாலிங்கம் இன்னும் ஓடுகிறான் என்று காட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மோசமான முடிவுகளின் வரிசையில் இதற்கு ஒரு தனி நாற்காலி உண்டு.

முதல் வேலையாகப் பழைய கீபோர்டைப் பரணிலேயே விட்டேன். அதில் மூன்று கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்காது. அதற்குப் பதில் வகுப்பிலிருந்த புதுக் கீபோர்டை எடுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் லேப்டாப் வாங்கி, அதில் இசை செய்யும் மென்பொருளை இரண்டு வாரம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். (கற்றுக்கொண்டேன் என்றால், எங்கே அழுத்தினால் ஆரம்பிக்கும் என்பது வரைக்கும்.) தலைக்குச் சாயம். செங்கல்பட்டு பஜாரில் ஒரு கறுப்பு டிஷர்ட். அதன் மார்பில் ஒரு மண்டை ஓடு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சிரித்தது.

"டாக்டரு எக்ஸ்ரேவோட வரச் சொன்னாரா?" என்றாள் கஸ்தூரி.

என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனசில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். தனசேகர் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு மத்தியானமே வந்துவிட்டான். நான் உள்ளே மண்டை ஓட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் அண்ணனும் தங்கையும் வாசலில் ஏதோ குசுகுசுவென்று பேசி, கார் டிக்கியைச் சாத்தும் சத்தம் கேட்டது. தண்ணீர் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கேளம்பாக்கம் சாலையில் போகும்போது தனசேகர் கேட்டான்.

"இன்னா மாப்ள வாசிக்கப் போற?"

"சொன்னா உனக்குப் புரியாது மச்சான். இது டெக்னோ."

"தும் சக், தும் சக்தான?"

"அது இல்ல."

"பின்ன இன்னா?"

கோவளம் வரைக்கும் யோசித்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

ரிசார்ட் மணலில் முந்நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் இருபதிலிருந்து முப்பதுக்குள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஒரு பெண் காலைத் தொட்டு வணங்கினாள். மாமல்லபுரத்துச் சிற்பத்துக்குக் கிடைக்கும் அத்தனை மரியாதையும் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை.

பவித்ரா ஓடிவந்தாள். "வாங்க சார், வாங்க. அந்தக் கீபோர்டு?"

"அதவிட நல்லதாவே கொண்டாந்திருக்கேன்மா. இதுல அறுநூறு சவுண்டு இருக்கு."

அவள் முகம், கோயிலில் பொங்கலுக்குக் கை நீட்டியவளுக்குக் கேக் கொடுத்த மாதிரி ஆனது. ஆனால் நல்ல பெண். "சூப்பர் சார்" என்றாள்.

மேடையேறினேன். மே மாதத்து வெயில் நேராக என் முகத்தில். கறுப்பு டிஷர்ட் உடம்போடு ஒட்டிக்கொண்டது. லேப்டாப்பைத் திறந்தால் திரையில் என் முகமும் மண்டை ஓடும்தான் தெரிந்தன. கையால் மறைத்துக்கொண்டு பார்த்ததில், ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்கிற மாதிரி ஒரு வரி. ஆறு சதவீதம்.

காத்திருந்தேன். முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றேன். அதற்கே கை தட்டினார்கள், அதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து. மறுபடியும் பார்த்தேன். ஏழு சதவீதம்.

அடுத்து நடந்ததற்கு என் இடது கைதான் பொறுப்பு. புதுக் கீபோர்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதில் இன்னும் டேப் ஒட்டவில்லை. கை தானாகப் போய் டெமோ பட்டனை அழுத்தியது. எட்டாம் நம்பர் டெமோ.

நல்ல டெமோதான் அது. தாளம் அதிர, பித்தளை வாத்தியங்கள் முழங்க, கூட்டம் ஒரு குலுங்கு குலுங்கியது. நான் விரல்களை ஆட்ட ஆரம்பித்தேன். அசிங்கம் என்னவென்றால், அரை நிமிடத்துக்குள் நான்தான் வாசிக்கிறேன் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். கஷ்டமான இடங்களில் உதட்டைக் கடித்தேன். வீடியோவில் பார்த்தது ஞாபகம் வர, ஒரு கையை வானத்துக்குத் தூக்கினேன். கூட்டமும் தூக்கியது. பிறகு இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். இசை குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் நினைக்கவில்லை. (எனக்கு முன்னால் வாசித்தவனும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டுதான் இருந்தான். அதை நான் கவனித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.)

எட்டாம் நம்பர் முடிந்தது. நான் தலை குனிந்து வணங்கினேன். நான் குனிந்திருக்கும்போதே ஒன்பதாம் நம்பர் தானாக ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் பாட்டு. மணிச் சத்தத்தோடு.

மே மாதக் கடற்கரையில் கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்டதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். நான் அவசரமாக ஒரு பட்டனை அழுத்தினேன். பத்தாம் நம்பர் வந்தது. சின்னப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் பாட்டு. இன்னொன்றை அழுத்தினேன். அதே பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. முன்வரிசையில் ஒருவன் மணலில் உட்கார்ந்து சிரித்தான். என் இரண்டு கைகளும் பட்டன்களின் மேல் கோழி கொத்துவதுபோலக் கொத்திக்கொண்டிருந்தபோது, திடீரென்று எல்லாம் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் தனசேகர், பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

பவித்ரா மைக்கோடு மேடைக்கு வந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் காதருகே கேட்டாள்.

"சார், டேப் ஒட்ட மறந்துட்டீங்களா?"

நான் மார்பிலிருந்த மண்டை ஓட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அவள் நினைத்திருந்தால் அங்கேயே என் கணக்கை முடித்திருக்கலாம். ஆனால் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஓகே, சார் நம்மகிட்ட கொஞ்சம் விளையாடினாரு. இப்ப ஒரிஜினலக் கேப்போம். அத எப்படிப் பண்ணாங்கன்னு அவரே சொல்வாரு" என்று என்னைக் காப்பாற்றினாள். கேசட்டிலிருந்து எடுத்த துண்டு பெரிய ஸ்பீக்கர்களில் ஓடியது.

அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவே என் பழைய பெட்டி "தும் சக், தும் சக்" என்று போகிறது. நான் சோலோவை ஆரம்பிக்கிறேன். இரண்டு நொடி. அவ்வளவுதான். "தும்... சாஆக்... தூஊஊம்..." என்று மொத்தமும் குடிகாரன் படியிறங்குவதுபோலத் தள்ளாடித் தள்ளாடிக் கீழே போகிறது. அடித்தொண்டையில் ஒரு முனகல். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல எழுந்து மேலே வருகிறது. மறுபடி இறக்கம். மறுபடி ஏற்றம். மூன்று தடவை.

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. சதுரங்கப்பட்டினத்துத் திருவிழா. மைக் செட்டுக்கு ஒரு ஜெனரேட்டர், மேடைக்கு ஒரு ஜெனரேட்டர். மேடை ஜெனரேட்டர் மட்டும் மக்கர் செய்தது. அதனால் என் மானம் போவது ஊருக்கே சத்தமாகக் கேட்டது. அன்றைக்கு நான் மைக் செட்காரரோடு கைகலப்பு வரை போனேன். அந்த முனகலைத்தான் ஜெர்மனியில் ஆடியிருக்கிறார்கள். என் சோலோ அதில் அந்த இரண்டு நொடிதான். மிச்சத்தைச் சுத்தமாக வெட்டியிருந்தாள்.

"சொல்லுங்க சார். அந்த சவுண்டு அப்படியே கீழ போயி மேல வருதே, எப்படிப் பண்ணீங்க?"

மைக் என் வாயருகே இருந்தது. முந்நூறு பேர் பார்த்தார்கள். "அது ஒரு மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"அது நாந்தாம்மா" என்றது ஒரு குரல்.

தனசேகர். பிளக்கை இன்னும் விடவில்லை.

"நீங்களா அங்கிள்?"

"ஜெனரேட்டரு ஆக்ஸிலேட்டரும்மா. நான் இவுரு குரூப்ல டிரம்ஸு அடிச்சுகினு இருந்தேன். அந்தப் பொட்டிய வாங்கியாந்து என்னியத் தூக்கிட்டாரு. செம கடுப்பு. அன்னிக்கு இவுரு கைய இப்டித் தூக்கி சோலோ ஆரம்பிச்சாரு. நான் பின்னால ஒக்காந்துகினு ஆக்ஸிலேட்டரு கம்பியப் புடிச்சு மெதுவா கொறைச்சேன். பொட்டி அழுவுற மாரி கத்துச்சு." பிளக்கால் தாடையைச் சொறிந்துகொண்டான். "நல்லாத்தான் இருந்துச்சு. அதான் மூணு வாட்டி பண்ணேன்."

நான் மைக் இருப்பதை மறந்து கேட்டேன். "மச்சான், டீசல்ல தண்ணி கலந்துடுச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"இத்தினி வருஷமா சொல்லவே இல்லியே."

"நீ திரும்பக் கேக்கவே இல்லியே மாப்ள."

கூட்டம் போட்ட கூச்சலில் ரிசார்ட்டின் தென்னை மரத்திலிருந்து காக்கைகள் பறந்தன. பவித்ரா தனசேகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியே விட்டது. "அங்கிள், அத இப்பப் பண்ண முடியுமா?"

"பண்லாம். ஒரு ஜெனரேட்டரு வேணும். அந்தப் பழைய பொட்டி வேணும்."

"அது வீட்டுப் பரண்ல இருக்கு" என்றேன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"டிக்கில கீது" என்றான் தனசேகர். "தங்கச்சிதான் வெச்சு அனுப்புச்சு. பரண்ல எடத்த அடைச்சுகினு கீது, அந்தப் பொண்ணு ஆசப்பட்டுக் கேக்குது, அங்கியே குடுத்துட்டு வந்துடுன்னுச்சு."

ரிசார்ட் வாசலில் இருந்த கரும்புச்சாறு கடைக்காரரிடம் கெஞ்சி அவருடைய சின்ன ஜெனரேட்டரை மேடைப் பக்கம் இழுத்து வந்தார்கள். பழைய பெட்டியை அதில் மாட்டினோம். தனசேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"நான் என்ன வாசிக்கட்டும்?" என்றேன்.

"ஒண்ணும் வாசிக்காத. செவப்புப் பட்டனப் போட்டுட்டு, ரெண்டு கட்டைய அழுத்திப் புடி. அது போதும்."

அழுத்திப் பிடித்தேன். அவன் கம்பியில் கையை வைத்தான். பெட்டி இறங்கியது, முனகியது, எழுந்தது. முதலில் மெதுவாக. பிறகு அவன் கை பழைய வேலையை ஞாபகப்படுத்திக்கொண்டது. கம்பியைச் சுண்டினான், விட்டான், அரை விட்டான், பிடித்தான். டிரம்ஸில் எங்கே உருட்டுவானோ அங்கே ஜெனரேட்டரை உருட்டினான். பவித்ரா அந்த என்ஜின் சத்தத்துக்கும் ஒரு மைக் வைத்தாள். காலுக்குக் கீழே மணல் அதிர்ந்தது. முந்நூறு பேரும் ஆடினார்கள். கரும்புச்சாறு கடைக்காரரும் ஆடினார்.

பதினைந்து நிமிடமாவது இருக்கும். என் இரண்டு விரலும் மரத்துப்போயின. ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தது. என் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. அதை வாங்கியவன் நான், அதைத் தோளில் சுமந்து திரிந்தவன் நான், அதற்காக ஒரு ஆளை வேலையிலிருந்து அனுப்பியவன் நான். அனுப்பப்பட்டவனுக்குத்தான் அதை வாசிக்கத் தெரிந்திருந்தது. அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நடுவில் ஒரு இடத்தில் அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் ஒரு கட்டையை மாற்றி அழுத்தினேன். அவன் தலையாட்டினான். எங்களுக்குள் கடைசியாக அப்படி ஒரு தலையாட்டல் நடந்தது சிவப்புப் பட்டன் வருவதற்கு முன்னால்.

இறங்கி வந்ததும் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர், கையில் போனை நீட்டிக்கொண்டு வந்தார். "சார், எலெக்ட்ரானிக் மியூசிக் இவ்ளோ தூரம் மாறிடுச்சு. உங்கள மாதிரி முன்னோடிகள் இன்னமும் இதுக்குப் பொருந்தி வர்றீங்கன்னு நினைக்கறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் வீட்டிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு பக்கம். ஆனால் விரல் வலியில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. தனசேகரைக் காட்டி, "அவரக் கேளுங்க தம்பி" என்றேன்.

தனசேகர் ஜெனரேட்டர் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். "டேங்குல எண்ண கீற வரிக்கும் இருப்போம்பா" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கஸ்தூரிக்குச் சொல்ல ஒரு கதையைத் தயார் செய்தேன். அதில் டெமோ வராது. ஆனால் நாங்கள் கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் வீடியோ ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்திருந்தது. நான் போஸ்டர் அனுப்பிய அதே ஆட்கள் அதை எனக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிளம்பர் மட்டும் 'நல்லா இருந்துச்சு சார்' என்று எழுதியிருந்தார். கதவைத் திறந்த கஸ்தூரி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த போஸ்டரில் தனசேகர் படம் பெரிதாக இருந்தது. 'எலெக்ட்ரானிக் இசை முன்னோடி'. கீழே பொடி எழுத்தில் 'உடன்: மகாலிங்கம்'. இப்போது புதுச்சேரி, பெங்களூரு, கோவா என்று கூப்பிடுகிறார்கள். ஜெனரேட்டரோடு போய்வருகிறோம். வாழ்க்கையில் டிரம்ஸையும் டீசலையும் தவிர எதையும் தொடாத மனிதன் பேட்டி கொடுக்கிறான். நான் பக்கத்தில் நின்று விரல்களை நீவிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் இஷ்டத்துக்கு அழுத்துகிறார்கள்.

வீட்டில் நிலைத்துப்போனது மட்டும் எட்டாம் நம்பர். கஸ்தூரி ஏதாவது சொல்லும்போது நான் கவனிக்காமல் "ம், ம், சரி" என்று தலையாட்டினால், "எட்டாம் நம்பரு ஓடிகினு கீது" என்பாள். மகளும் மருமகனும் அப்படியேதான் சொல்கிறார்கள். போன மாதம் இதய டாக்டரிடம் போயிருந்தோம். அவர் வேகவேகமாக மாத்திரைகளை மாற்றிச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"டாக்டர், நிறுத்துங்க" என்றாள் கஸ்தூரி. "இவுரு எட்டாம் நம்பருல கீறாரு. மொதல்லேந்து சொல்லுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அது என்ன நோய் என்று கவலையோடு கேட்டார். கஸ்தூரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பஜ்ஜியிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே பதினாறு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.